பள்ளிக்கூடத்துல காய்கறித் தோட்டம்: சத்துணவுக்கு உதவுமா, பேருக்குத்தானா?

தக்காளிக்காடு (திண்டுக்கல் மாவட்டம்)

வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன். ரெண்டு ஏக்கர்ல தக்காளி, கத்தரி, அவரைன்னு மாத்தி மாத்தி வைக்கிறோம். பொண்ணு ஊர்ல இருக்கற ஒன்றியத் தொடக்கப் பள்ளியில மூணாவது படிக்கிறா. நான் பள்ளி மேலாண்மைக் குழுவுல உறுப்பினர்.

பள்ளிக்குப் பின்பக்கம் நாலு சென்ட் இடம் முள்ளு மண்டிக் கெடக்கு. அதைச் சுத்தம் பண்ணி காய்கறி போட்டா சத்துணவுக்கே கொடுத்துரலாம்னு தலைமையாசிரியை சொல்றாங்க. எனக்கும் ஆசைதான். ஆனா 80 பிள்ளைங்க சாப்பாட்டுக்கு நாலு சென்ட் எந்த மூலைக்கு? கோடை லீவுல யார் தண்ணி விடுவாங்கங்கறதும் கேள்வி.

அதைவிட ஒரு விஷயம் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. எங்க ஊர்க் காய் ராத்திரியோட ராத்திரியா லாரி ஏறி கேரளாவுக்குப் போகுது. விலை இல்லாத நாள்ல பறிகூலிகூடக் கட்டாதுன்னு தக்காளியைச் செடியிலேயே விட்டுடுறோம். அதே நாள்ல பள்ளிக்கூடச் சாம்பார்ல காயைத் தேட வேண்டியிருக்கு. தோட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், இந்த ஊர் விளைச்சல் இந்த ஊர்ப் பிள்ளைங்க தட்டுக்கு வர வழி இருக்கா? சத்துணவுல வேலை பார்த்தவங்க, ஆசிரியர்கள், தோட்டக்கலை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காவிரிக்கரை (தஞ்சாவூர், சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு)

நல்ல கேள்வி அம்மா. முதல்ல சாமான் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி புரியும். அரிசி, பருப்பு, எண்ணெய் நுகர்பொருள் வாணிபக் கழகத்துல இருந்து வரும். முட்டை டெண்டர் மூலமா வரும். இதுல எதையும் அமைப்பாளர் தன் இஷ்டத்துக்கு ஊர்ல வாங்க முடியாது. மிஞ்சுறது காய்கறியும் தாளிப்புச் சாமானும்தான். ஊர் விவசாயிக்கு உள்ள ஒரே வாசல் அது.

இப்ப அளவு. மத்திய அரசு விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி. உங்க 80 பிள்ளைகளுக்குத் தினம் 4 கிலோ காய். வருஷத்துல 200 நாள் பள்ளின்னு வெச்சாலே 800 கிலோ ஆச்சு. நாலு சென்ட்ல அதை எடுக்கவே முடியாது. அதனால தோட்டம் வந்தா சத்துணவுக்குக் காய்ப் பிரச்சினை தீர்ந்துரும்னு கூட்டத்துல யாரும் பேச விடாதீங்க. நாளைக்கு அதையே காரணம் காட்டி, உங்களுக்குத்தான் தோட்டம் இருக்கேன்னு கேட்பாங்க. காய்க்கான தொகை ஏற்கெனவே இழுத்துப் பிடிச்சுத்தான் இருக்கு. 2023 ஜூலையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டுனப்ப எத்தனை அமைப்பாளர்கள் கைக்காசு போட்டாங்கன்னு எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு, வெளியில யாரும் யோசிக்காதது. கீரை விளையுறது சுலபம், ஆயறதுதான் கஷ்டம். சமையலர் ஒருத்தர், உதவியாளர் ஒருத்தர். பல மையத்துல ஒரு இடம் காலியாவே கெடக்கும். காலையில வந்து உலை வெக்கணும், முட்டை அவிக்கணும், உரிக்கணும். அந்த அவசரத்துல 4 கிலோ கீரையை யார் ஆயறது? கொண்டுவந்து கொட்டிட்டுப் போனா அது வாடித்தான் போகும். தோட்டத்தைப் பத்தி முடிவு பண்றதுக்கு முன்னாடி சமையலரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேளுங்க. அவங்க சரின்னு சொல்ற பயிரை மட்டும் போடுங்க.

விதைப்பெட்டி (கோயம்புத்தூர், தோட்டக்கலை)

காவிரிக்கரை அம்மா சொன்ன அளவுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். நாலு சென்ட் முழுவதையும் காயாக நிரப்ப வேண்டாம். எந்த நாளில் என்ன சமைக்கிறார்கள் என்று பார்த்துப் பயிரைத் தேர்ந்தெடுங்கள்.

நம் சத்துணவுப் பட்டியலில் சில வாரங்களில் வெள்ளிக்கிழமைக்குக் கறிவேப்பிலை சாதமோ கீரை சாதமோ உண்டு. தாளிப்புக்குத் தினமும் கறிவேப்பிலை வேண்டும். விற்பனைக்கு வளர்க்கும் கறிவேப்பிலைக்கு எவ்வளவு மருந்து அடிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். வேலியை ஒட்டி ஒரு வரிசை கறிவேப்பிலை வைத்தால் முதல் வருடம் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அப்புறம் பத்து, பதினைந்து வருடத்துக்குக் கவலையே இல்லை. பராமரிப்பும் குறைவு.

அடுத்து முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் வந்த பி.கே.எம்.1 செடிமுருங்கையை விதை ஊன்றினால் ஆறு மாதத்திலேயே காய் பிடிக்கத் தொடங்கும். மூன்று மரம் போதும். கீரை ஆயும் சிரமத்துக்கு வீட்டுப் பெண்கள் அறிந்த வழி ஒன்று உண்டு: முருங்கைக் கொத்துகளை முந்தின நாள் மாலை துணியில் இறுக்கிக் கட்டி வைத்தால் காலையில் உதறினாலே பெரும்பாலான இலை உதிர்ந்துவிடும்.

தரைக்கீரைக்கு அரை சென்ட் ஒதுக்குங்கள். அதை நான்கு பாத்தியாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பாத்தியில் சிறுகீரை விதையுங்கள். 25 நாளில் பிடுங்கலாம். ஒரு பாத்தி ஐந்து சதுர மீட்டர், நன்றாக வந்தால் 4, 5 கிலோ. நான்காவது பாத்தி விதைத்து முடிக்கும்போது முதல் பாத்தி தட்டுக்குத் தயாராகிவிடும். 80 பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் முழு அளவு கீரை இப்படிக் கிடைக்கும்.

மீதி இடத்தில் பந்தல் போட்டுச் சுரை, பீர்க்கு, அவரை. எலுமிச்சை ஒன்று கட்டாயம் வையுங்கள். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சைச் சாறு உதவும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அரிசி, காய் கழுவிய தண்ணீரைக் கீரைக்கு விடலாம். சோப்புப் போட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீரை விடக் கூடாது. அதை வாழைக்குத் திருப்புங்கள். பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள், நன்றாக மக்கிய எருதான் வேண்டும். காய்த் தோலையும் முட்டை ஓட்டையும் குழியில் போட்டு மக்க வையுங்கள். பள்ளிக்குள் ரசாயன மருந்து எதுவும் வரவே கூடாது. வேப்பங்கொட்டைக் கரைசலும் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசலும் போதும்.

எழுகதிர் (மதுரை)

பயிர்த் திட்டம் அருமை. ஆனால் மண்வெட்டியை யார் கையில் கொடுப்பீர்கள் என்பதை யாரும் கேட்கவில்லை.

நம் பள்ளிகளில் கழிப்பறை கழுவவும் குப்பை அள்ளவும் எந்தத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள் என்று செய்திகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். பட்டியல் சாதிப் பெண் சமைத்தால் சாப்பிட மாட்டோம் என்று பெற்றோர் தடுத்த ஊர்களும் இருக்கின்றன. தோட்ட வேலை என்று வந்ததும் “இவன் வீட்டில் காட்டு வேலைதானே, இவனுக்குப் பழக்கம்” என்று ஒரு வாத்தியார் சொன்னால் போதும், அந்தப் பிள்ளை அடுத்த ஐந்து வருடத்துக்குத் தோட்டக்காரன்தான். படிக்க அனுப்பிய பெற்றோருக்கு அது எவ்வளவு வலிக்கும்?

இன்னொன்று. தோட்டத்தையே காரணம் காட்டுவார்கள் என்று காவிரிக்கரை அம்மா சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் பகல் உணவைத் தொடங்கியபோது ஊர்மக்கள் பங்கும் சேர்ந்துதான் அது நடந்தது. அன்றைக்கு அரசிடம் பணம் இல்லை, ஊர் கைகொடுத்தது. 1982இல் எம்.ஜி.ஆர். பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கியபோது அது முழுக்க அரசின் பொறுப்பானது. 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவைப் பள்ளியில் தர வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. இது பிள்ளைகளின் உரிமை. விவசாயியிடம் இலவசமாகக் காய் வாங்கியோ பிள்ளைகளை வைத்து விளைவித்தோ அரசின் கடமையை நிரப்பக் கூடாது.

சாக்பீஸ் (விழுப்புரம் மாவட்டம், ஆசிரியை)

எழுகதிர் தோழர், உங்க பயம் நியாயமானது. அதுக்காகத் தோட்டமே வேண்டாம்னு விட்டுட மாட்டேன். எப்படி நடத்துறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

எங்க பள்ளியில தோட்டம் ஒரு பாடவேளை. தண்டனையா யாரையும் அங்க அனுப்பக் கூடாதுன்னு முதல் நாளே எழுதி ஒட்டினோம். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி குழு, வாரம் மாறும். ஆண் பிள்ளை தண்ணி சுமக்க, பெண் பிள்ளை கீரை ஆயன்னு பிரிக்கறது கிடையாது. ஆசிரியர்களும் அதே வரிசையில இருக்கோம், நானும் களை எடுக்கறேன். நிலத்தைக் கொத்தறது, வேலி கட்டறது மாதிரிப் பெரிய வேலைக்குப் பிள்ளைங்களை விடவே கூடாது. அதுக்குப் பெரியவங்க கூலிக்கு வரணும். எங்க ஊராட்சியில நூறு நாள் வேலையில அந்த இடத்தைச் சரிபண்ணிக் கொடுத்தாங்க. கிராம சபையில கேட்டுப் பாருங்க அக்கா.

பிள்ளைங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு கேட்டா, அதைச் சொல்லத்தான் ஆசையா இருக்கு. நாலாவது படிக்கறவங்க பாத்தியோட நீளம் அகலம் அளந்து பரப்பளவு போடறாங்க. புத்தகத்துல பரப்பளவுக் கணக்குப் போட மாட்டேன்னு அழுதவன், தன் பாத்திக்கு எத்தனை விதை வேணும்னு தானே கணக்குப் போட்டான். அவரைச் செடியில அசுவினிப் பூச்சி வந்தப்ப எறும்பு ஏன் அது பின்னாடியே வருதுன்னு ரெண்டு நாள் பார்த்து எழுதினாங்க. சுரைப்பூவுல ஆண் பூ எது, பெண் பூ எதுன்னு பின்பக்கத்துக் குட்டிக் காயைப் பார்த்துக் கண்டுபிடிக்கறாங்க. அறிவியல் பாடத்துல மகரந்தச் சேர்க்கை வரும்போது நான் புதுசா எதையும் விளக்க வேண்டியிருக்கல.

சாப்பாட்டு விஷயத்துலயும் மாற்றம் உண்டு. கீரைன்னா தட்டு ஓரத்துல ஒதுக்கறது பிள்ளைங்க வழக்கம். அவங்க விதைச்ச கீரை அன்னைக்கு சாதத்துல வந்தா ஒதுக்கறவங்க ரொம்பக் குறைவு. “இது எங்க குழு பாத்தி”ன்னு பக்கத்துல இருக்கறவனையும் சாப்பிட வைக்கறாங்க.

லீவு பத்திக் கேட்டீங்க. பள்ளித் தோட்டத்தை ஆடியில தொடங்குங்க. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சொன்னது பள்ளி நாள்காட்டிக்கும் அப்படியே பொருந்துது. ஜூன்ல பள்ளி திறக்கும், ஒரு மாசம் மண்ணைத் தயார் பண்ணலாம், ஆடியில விதை. தை மாசம் கடைசி விதைப்பு, ஏப்ரலுக்குள்ள எல்லாத்தையும் அறுத்துடணும். மே மாசத்துல பாத்தி காலியா, மூடாக்குப் போட்டு ஓய்வா இருக்கட்டும். முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சைக்கு மட்டும் தண்ணி தேவை. அதுக்கு மேலாண்மைக் குழுப் பெற்றோர் ஆளுக்கு ஒரு வாரம் எடுத்துக்கலாம். வேலி போடாம மட்டும் விதை போடாதீங்க, ஆடு ஒரே சாயங்காலத்துல முடிச்சிரும்.

தக்காளிக்காடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாக்பீஸ் டீச்சர், ஆடிப்பட்டக் கணக்கு எங்களுக்கு நல்லாப் புரிஞ்சது. எழுகதிர் அண்ணா, நீங்க சொன்னது எங்க ஊருக்கும் பொருந்தும். மறைக்க ஒண்ணுமில்ல. குழு வரிசையை எழுதியே ஒட்டிரலாம்.

ஆனா ஒரு விஷயத்துல உங்ககூட முழுசா ஒத்துப்போக முடியல. இலவசமாக் கொடுக்கக் கூடாதுங்கறீங்க. விலை விழுந்து செடியிலேயே அழுகற தக்காளியைப் பத்து கிலோ கொண்டுபோய்ப் பள்ளியில கொடுத்தா என்ன தப்பு? எம்பொண்ணு சாப்பிடற இடம் அது. அரசு பொறுப்புன்னு சொல்லிக்கிட்டு நான் பார்த்துக்கிட்டே இருக்கணுமா?

எழுகதிர்

கொடுங்கள் அக்கா, யாரும் தடுக்கப் போவதில்லை. விலை இல்லாத வாரத்தில் நீங்கள் கொடுப்பீர்கள். கிலோ 80 ரூபாய் விற்கும் வாரத்தில் கொடுக்க முடியாது. அது உங்கள் குற்றமும் இல்லை. ஆனால் பிள்ளைக்குத் தக்காளி அந்த வாரமும் வேண்டும். ஆகவே தானத்தை நம்பிச் சமையல் நடக்க முடியாது. நான் கேட்பது கொள்முதல். ஊர் விவசாயிக்கு நிலையான விலை, பள்ளிக்கு நிலையான காய்.

பிரேசில் நாட்டில் 2009இல் ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு குடும்பப் பண்ணைகளிடம் நேரடியாக வாங்கச் செலவிட வேண்டும் என்று அந்தச் சட்டம் அன்று சொன்னது. டெண்டர் போட்டுப் பெரிய நிறுவனத்தோடு சிறு விவசாயி மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உள்ளூர் விலையைக் கணக்கில் எடுத்து விலையை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். பள்ளிக்கு என்ன காய் வேண்டும் என்று தெரிந்து விவசாயி நடவு செய்கிறார். உழவர் சந்தையை 1999லேயே கொண்டுவந்த மாநிலம் இது. நமக்கு அந்த அடுத்த படி ஏன் முடியாது?

காவிரிக்கரை

முடியும். சின்ன அளவுல இப்பவே முடியும். காயை எந்தக் கடையில வாங்கணும்னு அமைப்பாளர் கையை யாரும் கட்டிப் போடல. தடை என்னன்னா மூணு விஷயம்: கணக்குக்கு ரசீது வேணும், விலை நாளுக்கு நாள் மாறக் கூடாது, கொண்டுவர்ற காய் தினம் வரணும். தனி விவசாயி ஒருத்தரால இந்த மூணும் முடியாது. உங்க ஊர்ல அஞ்சாறு பெண்கள் சேர்ந்த சுய உதவிக் குழு இருந்தா முடியும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் (விவசாயிகளே பங்கு போட்டு நடத்தற நிறுவனம்) பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது. 2021ல மத்திய அரசு பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு பி.எம். போஷன்னு பேர் மாத்தினப்போ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களையும் மகளிர் குழுக்களையும் ஈடுபடுத்தறதை ஊக்குவிப்போம்னு எழுத்துலயே சொல்லியிருக்கு. பள்ளித் தோட்டமும் அதே அறிவிப்புல இருக்கு. கேட்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்க.

காலை உணவையும் மறந்துடாதீங்க. 2022 செப்டம்பர் 15ல மதுரையில தொடங்குன திட்டம், மறு ஆகஸ்ட்ல திருக்குவளையில இருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. கிராமத்துல அதைச் சமைக்கறது சுய உதவிக் குழுப் பெண்கள்தான். உப்புமாவோ பொங்கலோ, கூடக் காய்கறி சாம்பார் வரும். ஆக காலைக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்து ஒரே குழுகிட்ட காய் வாங்கினா உங்க ஊர்ப் பெண்களுக்கு நிச்சயமான விற்பனை. ரெண்டு வேளைக் கணக்கும் தனித்தனி, பணம் வர்ற வழியும் வேற. அதனால ரசீதைப் பிரிச்சு வாங்கணும், இதை விட்டுடாதீங்க.

தரத்துல விட்டுக்கொடுக்காதீங்க. மார்க்கெட்ல கழிச்ச காய், வெம்பல், புழு விழுந்த கத்தரி எல்லாம் “பள்ளிக்குத்தானே”ன்னு வர ஆரம்பிக்கும். முதல் வாரமே திருப்பி அனுப்பினா அடுத்த வாரம் நல்ல காய் வரும்.

வன்னிப்பக்கம் (கிளிநொச்சி)

எங்கட பக்கத்து அனுபவத்தையும் சொல்லலாம் எண்டு வந்தன். இலங்கையில பாடசாலைச் சாப்பாட்டை ஊரில இருக்கிற பெண்கள்தான் பொறுப்பெடுத்துச் சமைச்சுக் கொண்டுவந்து குடுக்கிறவை. உலக உணவுத் திட்டத்தின்ர உதவியோட அவையளுக்குக் கோழியும், வீட்டுத்தோட்டம் செய்யிறதுக்கு உதவியும் சில மாவட்டங்களில குடுத்தவை. முட்டையும் மரக்கறியும் அவையளின்ர வளவிலயே (வீட்டைச் சுத்தியிருக்கிற காணி) வரும், மிஞ்சினதைச் சந்தையில விக்கலாம். பாடசாலைத் தோட்டத்தை மட்டும் நம்பி நிக்காமல், சமைக்கிற ஆளின்ர வளவைத் தோட்டமாக்கினது நல்ல யோசனை எண்டு நினைக்கிறன். 2022இல சாமான் விலை எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போன காலத்தில, கையில கோழியும் கீரையும் இருந்த வீடுகள்தான் தாக்குப்பிடிச்சது.

அக்கா, உங்கட ஊர் காலை உணவுக் குழுப் பெண்கள் வீட்டில வளவு இருந்தால் அவையளுக்கும் கொஞ்சம் விதையைக் குடுத்துப் பாருங்கோ. வல்லாரையும் பொன்னாங்காணியும் கிணத்தடியிலேயே வளரும், தனித் தண்ணி தேவையில்லை.

சாக்பீஸ்

வன்னிப்பக்கம் சொன்னது எனக்குப் புதுசு, ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க ஊர்ல சமையல் உதவியாளர் வீட்டுக் கொல்லையில நாலு வாழை நிக்குது, நாங்க இலைக்குக் கடைக்கு ஓடறோம்!

தக்காளிக்காடு

கூட்டத்துக்கு முன்னாடி சமையலர் அக்கா வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வந்தேன். சிறுகீரை வாரம் ஒரு நாள் போதும், அதுக்கு மேல முடியாதுன்னு சொல்லிட்டாங்க. முருங்கையும் கறிவேப்பிலையும் எவ்வளவு வந்தாலும் சரின்னாங்க. பந்தல்ல சுரைக்காய் வேணும்னு அவங்களே கேட்டாங்க, நறுக்கறது சுலபமாம். அதனால நாலு சென்ட்ல அரை சென்ட் கீரை, வேலியோரம் கறிவேப்பிலை, மூணு முருங்கை, ஒரு எலுமிச்சை, ஒரு பந்தல். மீதி இடத்தைப் பிள்ளைங்க இஷ்டத்துக்கு விட்டுரலாம்னு தலைமையாசிரியை சொல்லிட்டாங்க. என் பொண்ணு சூரியகாந்தி வைக்கப் போறாளாம்.

காய் விற்பனைக்கு எங்க தெருவுல ஒரு மகளிர் குழு இருக்கு. ஆறு பேர்கிட்ட சொந்த நிலமோ குத்தகை நிலமோ இருக்கு. மாசத்துக்கு ஒரு விலை, ஏறினாலும் இறங்கினாலும் அதே விலைன்னா சம்மதம்னு சொல்றாங்க. எனக்கும் அது நல்லதுதான். பறிகூலிக்குக் கவலைப்படாம மாசம் முழுக்கப் பள்ளிக்குப் போற காய் ஒண்ணு இருக்கும். ஆகஸ்ட் 15 கிராம சபையில தீர்மானமாக் கொண்டுவரப் பார்க்கறோம்.

கடைசியா ஒரு சந்தேகம் காவிரிக்கரை அம்மா. தோட்டத்துக் கீரையைச் சமையலுக்குக் கொடுத்தா அதை எங்க எழுதறது? அதைக் காட்டிக் காய்ப் பணத்தைக் குறைச்சுருவாங்களோன்னு தலைமையாசிரியைக்குப் பயம்.

காவிரிக்கரை

தனி நோட்டு போடுங்க. தேதி, என்ன பயிர், எத்தனை கிலோ, எந்த வகுப்புக் குழு, வாங்கிக்கிட்டவர் கையெழுத்து. கடையில வாங்கின காய்க் கணக்குல அதைச் சேர்க்கவே சேர்க்காதீங்க. தோட்டத்து வரவு எப்பவும் ஒதுக்குன காய்க்கு மேல்வரவு, அதுக்குப் பதில் இல்லைன்னு மேலாண்மைக் குழுக் கூட்டத்துலேயே தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு வெச்சுக்குங்க. ஆய்வுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைக் காட்டலாம். கீரை நாள்லயும் சாம்பார்ல காய் குறையக் கூடாது, அதைத்தான் பெற்றோர் வந்து பார்க்கணும்.

குழுப் பெண்கள்கிட்ட விலை பேசும்போது எடைக்கல்லையும் பேசிக்குங்க. பள்ளியில தராசு இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லைன்னா மேலாண்மைக் குழு ஒண்ணு வாங்கி வெக்கட்டும். சிறுகீரை விதை ஆடி முதல் வாரத்துக்குள்ள கைக்கு வந்துடணும், ஒன்றியத்துத் தோட்டக்கலை உதவி அலுவலர்கிட்ட இப்பவே கேட்டு வெச்சுடுங்க.